பொறுமைக்கு ஒருத்தி

கீழக்கரை
9 ஜூன் 2024

லாமியா,

ஸலாம் சொல்லாமல் எழுதத் தொடங்கக் கூடாது என்று உம்மா பழக்கியிருக்கிறாள். சொல்லிவிட்டேன். நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். தினமும் மாலையில் டிவியில் உன் பெயர் ஓடுகிறது. உன் நம்பரை நான் பிளாக் பண்ணியிருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் சண்டை போடத் தெரியாமல் அழுதுவிடுவேன், அழுதால் அதையும் எழுதிவிடுவாய். அதனால்தான் தபால்.

உன் சீரியலின் வெள்ளிக்கிழமை எபிசோடை எதிர்வீட்டு ஹாலில் பார்த்தேன். தெருப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். குழந்தை செத்துப்போன உன் சுமதி, மாரில் கட்டிய பாலைப் பீச்சி ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் பிடித்துக் கொல்லைக்குப் போய் மல்லிகைச் செடியின் வேரில் ஊற்றினாள். வயலின் அழுதது. பெண்களும் அழுதார்கள். முடிந்ததும் எதிர்வீட்டு லாத்தா என் பக்கம் திரும்பி, "சுஹா, இது ஒன்னோட கதை மாதிரியே இருக்கே புள்ள" என்றாள்.

மல்லிகைச் செடி உன் கற்பனை. நான் குளியலறையில் நின்று தரையில் பீச்சினேன். அது சாக்கடைக்குப் போனது. என் மகள் தஸ்னீமை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோன அன்றைக்கு அந்தக் குளியலறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ ஒருத்திதான். வாளித் தண்ணீரை எடுத்துத் தரையைக் கழுவிவிட்டவளும் நீதான். என் உம்மாவுக்குக்கூட அது தெரியாது.

என்னைச் சுமதியாக்கிப் பொட்டு வைத்து, வீட்டைக் கும்பகோணத்துக்கு மாற்றிவிட்டால் தெரியாது என்று நினைத்தாயா? வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த புருஷன். வெளிநாட்டு வேலை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெண்டாட்டி அழைக்க அழைக்க எடுக்காத போன். பிறகு ஊர் முழுக்க, "அவளுக்குச் சித்தம் சரியில்ல, அவ தூங்கிப்போனதாலதான் புள்ள போச்சு" என்று அவன் கட்டிவிட்ட பேச்சு. எல்லாம் என் புருஷன் முஸ்அப். எல்லாம் என் வீடு.

இதெல்லாம்கூடப் போகட்டும். அடுத்த மாதம் சுமதியின் புருஷன் திரும்பி வருகிறான் என்று விளம்பரம் போடுகிறார்கள். சுமதி அவனை மன்னித்தால் நான் உன்னை மன்னிக்கமாட்டேன்.

சுஹா

*

சென்னை
20 ஜூன் 2024

சுஹா,

பெருநாளைக்கு ஊருக்கு வந்து உன்னை நேரில் பார்த்துப் பேசலாம் என்று இருந்தேன். ஷூட்டிங் விடவில்லை. விட்டிருந்தாலும் வந்திருப்பேனா என்று இப்போது தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் ஒரு வசனமும் எழுத ஓடவில்லை.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கூடாது என்பாய் என்றுதான் கேட்கவில்லை. இதற்கு மேல் அதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவள் நீதான். காலேஜ் படிக்கும்போது உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்போம். 'பொறுமைக்கு ஒருத்தி'. புருஷன் இன்னொருத்தியோடு போகிறான், காமாட்சியின் குழந்தை சாகிறது, கடைசியில் அவன் கண் தெரியாமல் தடவித் தடவி வருகிறான், அவள் காலைக் கழுவி உள்ளே அழைக்கிறாள். நான் கேலி செய்வேன், இதெல்லாம் பொம்பளைகளை அழவைத்து அடக்கிவைக்கும் படம் என்று. நீ விடமாட்டாய். "அழுகைக்கு அடியில வேற ஒன்னு சொல்றாங்கடி, ஒழுங்காப் பாரு" என்பாய். அந்தப் பேச்சுதான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. நாலு ஆண்கள் உட்கார்ந்து கதை பேசும் அறையில் நான் ஒருத்திதான் பெண். அழுகைக்கு அடியில் ஏதாவது வைக்க முடியுமா என்றுதான் தினமும் அங்கே மல்லுக்கட்டுகிறேன்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு அம்மா சானலுக்கு போன் பண்ணியிருந்தாள். அந்தப் பால் காட்சியைப் பார்த்துவிட்டு, தனக்குச் செத்துப் பிறந்த குழந்தையைப் பற்றிப் புருஷனிடம் முதல்முதலாக வாய்திறந்து பேசினாளாம். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்டார்களாம். இத்தனை காலம் பேசவே இல்லையாம். இது ஒன்றுமே இல்லையா?

சுமதியின் புருஷன் வருவான், மன்னிப்புக் கேட்பான். சானல் அதைத்தான் கேட்கிறது. உள்ளே நான் ஒன்று வைப்பேன். பார்.

லாமியா

*

கீழக்கரை
2 ஜூலை 2024

லாமியா,

உச்சிப்புளி அம்மாவுக்கு நல்லது நடந்திருக்கிறது, சந்தோஷம். அது உன் கணக்கில் வராது. அவள் பேசியது அவள் துக்கத்தை. நீ பேசியது என்னுடையதை.

காமாட்சியைப் பேச்சில் இழுத்தாய். சரி, பேசுவோம். காலைக் கழுவும்போது காமாட்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தூணோரம் தொங்கும் வெறும் தொட்டிலைப் பார்க்கிறாள். முன்பாதியில் வாய்க்கு வாய் "அத்தான்" என்றவள், அவன் திரும்பி வந்த பிறகு ஒருமுறைகூட அப்படிக் கூப்பிடவில்லை. "வாங்க" என்கிறாள், வாசலில் வந்து நிற்கும் யாரையும் கூப்பிடுகிற மாதிரி. அவன் சுகமாக முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறான். பார்க்கும் ஆண்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பெண்களுக்கு மட்டும் தெரியும், அவன் வந்திருப்பது ஒரு பெண்டாட்டியிடம் இல்லை என்று. நான் இதைச் சொன்னபோது நீ, "லைட்டு அந்தப் பக்கம் இருந்திருக்கும், அதனால அங்கன பாக்கச் சொல்லியிருப்பாங்க" என்று சிரித்தாய்.

இப்போது உன் சுமதி எங்கே பார்க்கிறாள்? நேற்று வாசலுக்கு ஓடிவந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறையத் தண்ணீர். நீ காமாட்சியிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தத் தண்ணீரை மட்டும்தான்.

இன்னொரு சேதி. முஸ்அப்பின் உம்மா சுலைகா மாமி நேற்று வந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. கையில் தொதல் அல்வா டப்பா. உட்கார்ந்ததும் அழுதாள். "அந்தச் சுமதி எம்புட்டுப் பொறுமைசாலி பாத்தியாம்மா. பொம்பளன்னா அப்படித்தான் இருக்கணும். முஸ்அப்புக்கு டெய்லி வீடியோ அனுப்புறேன். அவனும் பாத்துப்புட்டு அழுகுறான்" என்றாள்.

முஸ்அப் வேலை பார்த்து வந்த துபாய் கம்பெனியை மூடிவிட்டார்களாம். அவன் ஊரோடு வருகிறான். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், வீடு பெண்ணுக்கு. அவன் பிறந்த வீட்டைத் தங்கைக்குக் கொடுத்தாகிவிட்டது, அங்கே மச்சினன் இருக்கிறான். வந்து இறங்கினால் பெட்டியை வைக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் என் வீடு. நீ எழுதுகிற சீரியல் அவனுக்குக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது.

சுஹா

*

சென்னை
11 ஜூலை 2024

சுஹா,

அவனை உள்ளே விடாதே. இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் கேள்.

போன வருடம் நீ குலா கேட்டு, கல்யாணத்தை முறித்துவிடச் சொல்லிப் பெரியவர்களிடம் போனபோது, புருஷன் சம்மதிக்கவில்லை, சித்தம் சரியில்லாத பெண் கேட்பதை வைத்து எப்படி முடிவெடுப்பது என்று திருப்பி அனுப்பினார்களே, அந்தப் பேச்சையும் அவன்தான் துபாயில் இருந்துகொண்டு கிளப்பினான். அப்படிப்பட்டவன் சீரியல் பார்த்துத் திருந்தினான் என்றால் நான் எழுதும் கதையில்கூட அதை நம்பமாட்டார்கள். இல்லை, நம்புவார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. சுமதி கதவைச் சாத்துகிற மாதிரிதான் நான் முதலில் எழுதினேன். அறையில் இருந்தவர்கள் படித்துவிட்டு, "பொம்பளைங்க சேனல மாத்திடுவாங்கம்மா" என்றார்கள். அப்புறம் காலைக் கழுவுகிற மாதிரி எழுதினேன், காமாட்சியை நினைத்துக்கொண்டு. சுமதியின் கண் குழந்தையின் போட்டோ மேல் இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிக்கொடுத்தேன். எடுத்துவிட்டு வந்தார்கள். போட்டுப் பார்த்தால் அவள் அவனையே பார்க்கிறாள். "ஜோடியா பார்த்தாத்தான் சார் ஃபீல் வரும்" என்று யாரோ மாற்றிவிட்டார்களாம். திங்கட்கிழமை அது ஒளிபரப்பாகும். ஊர் முழுக்க அழும். உன் மாமியும் அழுவாள்.

அந்தப் பழைய படத்தை எடுத்தவர்கள் அந்தப் பார்வையை எப்படி உள்ளே வைத்தார்கள் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. லைட் என்று சிரித்தவள் நான். என்னால் ஒரு பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை.

அவன் வந்தால் கதவைத் திறக்காதே, சுஹா.

லாமியா

*

கீழக்கரை
30 ஜூலை 2024

லாமியா,

கதவைத் திறந்துவிட்டேன். சேர்ந்து வாழச் சம்மதமா என்று மாமி கேட்டாள். அவர் வந்து எல்லார் முன்னாடியும் பேசட்டும், நான் கேட்கிறேன் என்றேன். மாமி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

முஸ்அப் இங்கே வந்துவிட்டான். ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டில் விருந்து. இரண்டு குடும்பமும் வருகிறது, பெரியவர்கள் வருகிறார்கள். அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். "சுமதியோட புருஷன் சபையில நின்னு செஞ்சது எல்லாத்தையும் ஒன்னுவிடாம சொல்லி மன்னிப்புக் கேட்டாருல்ல. நீங்களும் அப்படிக் கேட்டாத்தான் என் மனசு ஆறும்" என்றேன். உடனே ஒத்துக்கொண்டான். உன் எபிசோடை போனில் போட்டுப் பார்த்து ஒத்திகை செய்கிறான் என்று அவன் தங்கை சொன்னாள்.

மாமி உனக்கு நன்றி சொல்லக் காத்திருக்கிறாள். உன் உம்மா உனக்காகப் புதுத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். கட்டாயம் வா. வசனம் உன்னுடையது. வந்து கேள்.

சுஹா

*

சென்னை
21 ஆகஸ்ட் 2024

சுஹா,

நீ கூப்பிட்டதால் வந்தேன். எதற்குக் கூப்பிட்டாய் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நான் உள்ளே நுழைந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். உன் மாமி என் கன்னத்தைத் தடவி, "ஒங்கதையாலதான் என் மகன் மனசு எறங்குச்சு. அல்லா ஒனக்குக் கூலி தருவான்" என்றாள். என் உம்மா அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் சென்னைக்குப் போனதிலிருந்து ஊரில் தலைகுனிந்தே நடந்தவள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

வெளிக்கூடத்தில் ஆண்கள், உள்கூடத்தில் நாங்கள், நடுவில் திரை. முஸ்அப் மைக்கைப் பிடித்தான். முதல் இரண்டு வரி அப்படியே என்னுடையது. "நான் செஞ்ச பாவத்துக்கு மன்னிப்புக் கேக்கக்கூட எனக்குத் தகுதியில்ல." எனக்குக் கூசியது. பெண்கள் முந்தானையை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அழும் சத்தம் திரையைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும், அவனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. என் வசனத்தைத் தாண்டிப் போனான். "புள்ளைக்குக் காய்ச்சல்னு சுஹா போன் மேல போன் அடிச்சா. நான் எடுக்கல. கூட்டாளிமாரோட பாலைவனத்துக்குப் போயிருந்தேன். லீவு கெடைக்கலன்னு சொன்னது பொய். அவ தூங்கிப்போயிட்டா, சித்தம் கலங்கிருச்சுன்னு சொன்னதும் பொய். நான்தான் கட்டிவிட்டேன்." உன் மாமியின் அழுகை அந்த இடத்தில் நின்றுவிட்டது. மகன் என்ன சொல்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

திரைக்கு இந்தப் பக்கம் இன்னொரு மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"வாவு மாமா, கேட்டீங்களா?" என்றாய்.

பெரியவர் வாவு முகம்மது, "கேட்டேன் மகளே" என்றார்.

"போன வருசம் நான் குலா கேட்டு வந்தப்ப, சித்தம் சரியில்லாத புள்ள பேச்ச எப்படி எடுக்குறதுன்னு சொன்னீங்க. இப்ப என் சித்தம் சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப இன்னைக்குக் கேக்குறேன். எனக்குக் குலா வேணும்."

முஸ்அப் பதறினான். "மன்னிச்சுட்டேன்னு சொன்னியே" என்றான்.

"பேசுங்க, கேக்குறேன்னுதான் சொன்னேன். கேட்டுட்டேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் புல்லரித்தது. எழுந்து வந்து உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் நீ மைக்கை அணைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினாய். குரலை உயர்த்தவே இல்லை. "என் புள்ள மௌத்தான அன்னைக்கு என் பக்கத்துல நின்னவ லாமியா மட்டும்தான். அன்னைக்கு என் ஒடம்பு பட்ட பாட்ட டிவிக்கு வித்தவளும் இவதான். சுமதி ஊத்துன பால் என்னுது. நீங்க அழுதது என் புள்ளைக்கு. அது ஒங்களுக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும்."

என் உம்மா என் கையை விட்டாள். செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு நடந்தாள். நான் பஸ் ஏறும்வரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை ஏன் இதில் இழுத்தாய்? அவள் உனக்கு என்ன செய்தாள்? என்னைத் தனியாகக் கூப்பிட்டு அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அடுத்ததைக் கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். நீ போட்ட அந்த மேடை என் சீரியல் இல்லாமல் உனக்குக் கிடைத்திருக்காது. அந்த அழுகையைக் காட்டித்தான் அவனைச் சபையில் நிறுத்தினாய். அந்தக் காட்சியை எழுத எனக்கு அனுமதி கொடு. சுமதியும் அப்படித் திரும்பட்டும். அதை எடுக்கவிட்டால் இருப்பேன், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லப் போகிறேன். உச்சிப்புளி அம்மா மாதிரி எத்தனை பேர் பார்ப்பார்கள், யோசி. இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லாமியா

*

கீழக்கரை
15 செப்டம்பர் 2024

லாமியா,

மாட்டேன். அனுமதி இல்லை.

உச்சிப்புளி அம்மாவை நினைத்தால் எனக்கும் மனது கேட்கவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்து யாராவது ஒருத்தி வாய் திறக்கலாம், உண்மைதான். அப்படியும் மாட்டேன். என்னிடம் இருந்து கேட்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டாய். கேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் அது சரியாகிவிடும் என்று நினைக்கிறாய். உனக்கு அந்தக் காட்சி எவ்வளவு வேண்டும் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் தரமாட்டேன். வேண்டியது கிடைக்காமல் இருந்து பார்.

உன் சீரியல் இல்லாவிட்டால் மேடை கிடைத்திருக்காது என்றாய். ஆமாம். பாம்புக் கடிக்குப் பாம்பின் விஷத்திலிருந்துதான் மருந்து எடுக்கிறார்கள். அதற்காகப் பாம்புக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

உன் உம்மா விஷயம் எனக்கு வலிக்கிறது. நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார்கள், உட்காரச் சொன்னார்கள், டீ போட்டுக் கொடுத்தார்கள். எதுவும் பேசவில்லை. குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அவர்களை இழுக்காமல் உன்னைத் தாக்க வேறு வழி எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வழியில் போயிருப்பேன். தெரியவில்லை.

காமாட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நமக்குள் தொடங்கியது அந்தப் படத்தில்தானே. இப்போது எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம் வருகிறது. ஒரு பார்வையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று இத்தனை காலம் மெச்சிக்கொண்டிருந்தேன். சொன்னாள்தான். ஆனால் காலையும் கழுவினாள். அவள் நின்ற வீடு அவன் வீடு, போக இடம் கிடையாது, அதனால் கண்ணால் மட்டும் சொல்ல முடிந்தது. எனக்கு வாப்பா ஒரு வீடு விட்டுப் போயிருக்கிறார். அதனால் வாயால் சொன்னேன். அந்தப் படத்தை எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளை அந்த வாசலில் இருந்து ஒரு அடி நகர்த்தவில்லை.

குலா முடிந்துவிட்டது. முஸ்அப் முதலில் முரண்டு பிடித்தான். சபையில் சொன்னதெல்லாம் சும்மா, உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னது என்று பெரியவர்களிடம் போய் மாற்றிச் சொன்னான். வாவு முகம்மது கேட்கவில்லை. "நீ அழுதுக்கிட்டே சொன்னத ரெண்டு குடும்பமும் கேட்டிருக்கு தம்பி. எது சும்மான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாராம். பிறகு அவனுக்கு வேறு வழி இல்லை. கல்யாணத்தில் அவன் மஹராகப் போட்ட சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தஸ்னீம் விஷயத்தில் இனி இந்தத் தெருவில் யாரும் என் முகத்தைப் பார்த்து நாக்கைச் சுழற்ற முடியாது. எதிர்வீட்டு லாத்தா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் அப்படித்தாம்மா நெனச்சிருந்தேன்" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன். அவளையும் நான் மன்னிக்கவில்லை. தெருவில் நடக்கும்போது என் கணக்கில் இன்னும் சில பேர் இருக்கிறார்கள்.

நீ வேலையை விட்டுவிட்டாய் என்று உன் உம்மாவின் அடுத்த வீட்டில் சொன்னார்கள். அந்தக் காட்சியை எடுக்க மறுத்தார்களா, என் பதில் வராததால் நீயே எழுதவில்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். சீரியல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேறு யாரோ எழுதுகிறார்கள்.

முஸ்அப் தங்கை வீட்டில் சில நாள் இருந்து பார்த்தான். மச்சினனோடு சரிவரவில்லை. போன வாரம் ஷார்ஜாவில் யாரையோ பிடித்துக் கிளம்பிவிட்டான். போகிற வழியில் விட்டுப்போன துணிமணியை எடுக்க என் வாசலுக்கு வந்தான். வேன் தெருமுனையில் நின்றது. பெட்டியைக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தேன், உள்ளே வர வேண்டிய வேலை இல்லாமல். எடுத்துக்கொண்டு போகாமல் நின்றான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தான் போல. பிறகு, "அன்னைக்கு எல்லாரும் அழுதாங்க. நீ ஒருத்திதான் அழவே இல்ல" என்றான். அதுதான் அவனுக்குப் பெரிய குறை.

"எனக்காக அழுகுறதுக்குச் சென்னையில ஒருத்தி சம்பளத்துக்கு இருந்தா. அவளையும் நிப்பாட்டியாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சுஹா